சிலையோடு அது நிற்கும் இடத்தையும் பார்ப்பது: சென்னையின் பொதுவெளிக் கலை வழியே ஒரு நடை

சென்னையில் வழி சொல்பவர்கள் பெரும்பாலும் சிலைகளை வைத்தே சொல்கிறார்கள். ‘உழைப்பாளர் சிலை தாண்டினதும் திரும்புங்க’, ‘காந்தி சிலைக்குப் பின்னாடி இருப்போம்’, ‘கண்ணகி சிலைகிட்ட இறங்கிக்கோங்க’ என்று நாள்தோறும் பேசுகிற ஊரில், அந்தச் சிலைகளின் முன் ஐந்து நிமிடம் நின்று பார்த்தவர்கள் மிகச் சிலரே. அருங்காட்சியகத்துக்குச் சீட்டு வாங்கிச் செல்பவர்கூட, கட்டணமே இல்லாமல் கடற்கரைச் சாலையில் நிற்கும் ஒரு முதல்தரச் சிற்பத்தைப் பேருந்து ஜன்னல் வழியாகக் கடந்து போய்விடுகிறார். இந்த நிலையை மாற்ற வழிகாட்டியோ சுற்றுலா ஏற்பாடோ தேவையில்லை. ஒரு மாலைப் பொழுதும், முன்கூட்டியே கொஞ்சம் வாசித்து வைத்திருப்பதும், மெதுவாக நடக்கும் மனமும் போதும்.

வழிகாட்டியுடன் செல்லும் நடையில், எந்தச் சிலையின் முன் எவ்வளவு நேரம் நிற்பது என்பதை இன்னொருவர் தீர்மானிக்கிறார். தனியே நடக்கும்போது அந்தத் தீர்மானம் பார்ப்பவரிடமே வந்துவிடுகிறது. ஒரு சிலையைச் சுற்றிவந்து முதுகுப்புறத்தைப் பார்க்கலாம், சாலையின் மறுபக்கம் போய் அது எந்தக் கட்டடத்தைப் பார்த்து நிற்கிறது என்று கவனிக்கலாம், பீடத்தில் உள்ள கல்வெட்டை முழுவதும் படிக்கலாம். பொதுவெளிச் சிலையின் பொருளில் பாதி அதன் உருவத்தில் இருக்கிறதென்றால், மறுபாதி அது எந்த ஆண்டில், யாருடைய முடிவால், எந்த இடத்தில் வைக்கப்பட்டது, பிறகு அங்கேயே இருக்க விடப்பட்டதா என்பதில் இருக்கிறது. சென்னையில் இந்த மறுபாதிதான் மிகச் செழிப்பானது என்பது என் உறுதியான எண்ணம். சிலைகளை வைப்பதும் எடுப்பதும் இடம் மாற்றுவதும் இந்த நகரத்தில் ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக அரசியலின் ஒரு பகுதியாகவே நடந்துவந்திருக்கின்றன.

நடைக்கு உகந்த பாதை தீவுத்திடலில் தொடங்கி, நேப்பியர் பாலத்தைக் கடந்து, காமராசர் சாலை வழியே தெற்கே காந்தி சிலை வரை செல்வது. இதில் உழைப்பாளர் சிலைக்கும் காந்தி சிலைக்கும் இடைப்பட்ட தொலைவு சுமார் 2 கிலோமீட்டர். முழுப் பாதையையும் நின்று நின்று பார்த்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். பறக்கும் ரயிலின் சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் ஆகிய நிலையங்கள் பாதைக்கு மேற்கே சற்றுத் தள்ளி அமைந்திருப்பதால், எங்கு வேண்டுமானாலும் தொடங்கி எங்கு வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம். நேரத்தைத் தேர்வதில் மட்டும் கவனம் வேண்டும். மெரினாவின் சிலைகள் பெரும்பாலும் கடல் பக்கத்து நடைபாதையில், கடலுக்கு முதுகைக் காட்டி, சாலையைப் பார்த்து நிற்பவை. காலையில் சூரியன் அவற்றின் பின்னாலிருந்து எழுவதால் முகங்கள் இருண்டு, வெறும் நிழலுருவமே தெரியும். மாலை நான்கு மணிக்குப் பிறகு மேற்கு வெயில் நேராக முகங்களில் விழும்போதுதான் வெண்கலத்தின் மேடுபள்ளங்களும் சிற்பியின் விரல் பதிந்த இடங்களும் கண்ணுக்குத் தெரியும். காலை நடைக்கு மெரினா பெயர்பெற்றதுதான். சிற்பம் பார்ப்பதற்கு மாலையே சரி.

தீவுத்திடலில், வாகனங்கள் இருபுறமும் ஓடும் சாலை நடுவே, உயர்ந்த பீடத்தின் மேல் குதிரையில் அமர்ந்திருப்பவர் சர் தாமஸ் மன்றோ. 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர். உழவரிடமிருந்து நேரடியாக வரி பெறும் இரயத்துவாரி முறையோடு இணைத்து நினைக்கப்படுபவர். பதவியில் இருக்கும்போதே பத்திகொண்டாவில் காலராவால் இறந்தார். பொதுமக்களிடம் திரட்டிய நன்கொடையில், லண்டன் சிற்பி பிரான்சிஸ் சாண்ட்ரே இந்தச் சிலையை வார்த்தார். கப்பலில் கொண்டுவரப்பட்டு 1839ஆம் ஆண்டு இங்கே நிறுவப்பட்டது. குதிரையில் சேணமும் இல்லை, கால் வைக்கும் அங்கவடியும் இல்லை என்பது சென்னைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் செய்தி; சிற்பி மறந்துவிட்டார் என்றும், தவற்றை உணர்ந்து வருந்தினார் என்றும் கதைகள் உண்டு. ஆனால் லண்டன் டிராஃபால்கர் சதுக்கத்தில் இதே சாண்ட்ரே வார்த்த நான்காம் ஜார்ஜ் மன்னரின் குதிரைக்கும் அங்கவடி இல்லை. இரு குதிரைகளும் நான்கு கால்களையும் தரையில் ஊன்றி அசையாமல் நிற்கின்றன. பாயும் குதிரையையும் போர் வேகத்தையும் தவிர்த்து, பழைய ரோமானியச் சிலைகளின் அமைதியை நோக்கிச் சென்ற ஒரு சிற்பியின் விருப்பமே இங்கே வேலை செய்திருக்கிறது என்று கொள்வதுதான் பொருத்தம். மறதிக் கதை சுவையானது; ஆனால் அது சிலையைக் கூர்ந்து பார்க்கும் வேலையை நிறுத்திவிடுகிறது.

மன்றோவைச் சாலையோரத்திலிருந்து பார்ப்பதே நல்லது. நடுவே சென்று சேர்வதற்குப் போக்குவரத்து இடம் தராது. அங்கிருந்து கூவம் கடலில் சேரும் இடத்தில் உள்ள நேப்பியர் பாலத்துக்கு வந்தால், 2022ஆம் ஆண்டு சதுரங்க ஒலிம்பியாட்டுக்காக அந்தப் பாலம் முழுவதும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் தீட்டப்பட்டது நினைவுக்கு வரும். ஒரு சில வாரங்களுக்கு அது நாட்டிலேயே அதிகம் படமெடுக்கப்பட்ட பாலங்களில் ஒன்றாக இருந்தது. நகரின் எந்தப் பரப்பும் ஓவியத் துணியாகலாம் என்பதைச் சென்னை பெரிய அளவில் கண்டுகொண்ட தருணம் அது.

பாலத்தைத் தாண்டித் தலைவர்களின் நினைவிடங்களைக் கடந்தால், வாலாஜா சாலை வந்து சேரும் இடத்துக்கு எதிரே உழைப்பாளர் சிலை. இந்த நடையில் எங்கேனும் ஓர் இடத்தில் மட்டும்தான் நிற்க முடியும் என்றால், இங்கே நிற்க வேண்டும். 1959ஆம் ஆண்டு குடியரசு நாளுக்கு முந்தைய நாள், காமராசர் முதலமைச்சராக இருந்தபோது திறக்கப்பட்ட இந்த வெண்கலத் தொகுதியில் நான்கு ஆண்கள் ஒரு பெரும்பாறையைப் பெயர்க்க முயல்கிறார்கள். சற்றுத் தள்ளி நின்று பார்க்கும்போது தொகுதி முழுவதும் ஒரே சாய்வாக, ஒரே உந்துதலாகத் தெரிகிறது. அருகில் போனால் அந்த ஒற்றுமை நான்காகப் பிரிகிறது. ஒவ்வொருவர் உடலும் தனித்தனியான கோணத்தில் வளைந்திருக்கிறது. தோள்பட்டை ஒருவருக்குத் திரண்டிருக்க, இன்னொருவருக்கு விலாவும் வயிறும் உள்ளிழுத்திருக்கின்றன. உடற்பயிற்சியால் வந்த கட்டுடல் அல்ல இது. எடை சுமந்து இறுகிப்போன, கொழுப்பே இல்லாத உடல்கள். பாறை அசைந்ததா இல்லையா என்று சிற்பம் சொல்வதில்லை. முயற்சியின் உச்சக்கட்ட நொடியில் நேரத்தை நிறுத்திவைத்திருக்கிறது.

இதை வடித்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. இன்றைய வங்கதேசத்தில் உள்ள ரங்பூரில் 1899ஆம் ஆண்டு பிறந்தவர். 1929ஆம் ஆண்டு சென்னை ஓவியப் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்கே இருந்து ஒரு தலைமுறைக் கலைஞர்களை உருவாக்கினார். 1850ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய அந்தப் பள்ளிதான் இன்று பெரியமேட்டில் அரசு கவின்கலைக் கல்லூரியாக இயங்குகிறது. ராய் சௌத்ரி மல்யுத்தம் பழகியவர். பிரெஞ்சுச் சிற்பி ரோடானின் தாக்கம் அவர் வேலைகளில் உண்டு என்று கலை வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள். அது சரிதான்; களிமண்ணைப் பிசைந்த தடம் வெண்கலத்திலும் தெரியும்படி பரப்பைச் சொரசொரப்பாக விடும் முறை அங்கிருந்து வந்தது. ஆனால் இந்த நால்வரின் இடுப்புத் துணியும் மெலிந்த கால்களும் சென்னையைச் சேர்ந்தவை. கல்லூரியின் இரவுக் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவரும் இச்சிலைக்கு மாதிரிகளாக நின்றார்கள் என்பது பதிவாகியுள்ள செய்தி. பாட்னாவில் உள்ள தியாகிகள் நினைவுச் சிற்பம், டெல்லியில் காந்தியின் பின்னே மக்கள் நடந்துசெல்லும் பெரிய தொகுதி ஆகியவையும் இவருடையவையே. லலித் கலா அகாதெமியின் முதல் தலைவராக இருந்தவர் இவர்.

சிலை நிற்கும் இடத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1923ஆம் ஆண்டு மே 1ஆம் தேதி, இந்தியாவின் முதல் மே தினக் கூட்டங்களைச் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இரண்டு இடங்களில் நடத்தினார்; அவற்றில் ஒன்று திருவல்லிக்கேணிக் கடற்கரை. அதற்கு முன்பே அந்த மணற்பரப்பு திலகர் திடல் என்ற பெயரில் விடுதலைப் போராட்டக் கூட்டங்களின் களமாக இருந்தது. பெயர் சொல்லி மாலை போடப்படும் தலைவர்களும் புலவர்களும் வரிசையாக நிற்கும் இந்தச் சாலையில், பெயரில்லாத நான்கு பேருக்கு முதன்மையான இடம் கிடைத்திருப்பது எனக்கு எப்போதும் மனநிறைவைத் தருவது.

தெற்கே நடக்க நடக்க, சாலையின் மேற்குப் பக்கத்தில் சேப்பாக்கம் அரண்மனை, பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபம், மாநிலக் கல்லூரி என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் சாயல் கொண்ட கட்டடங்கள் தொடர்கின்றன. அவற்றுக்கு எதிர்ப்புறத்தில், கடலோரமாக, முற்றிலும் வேறொரு காலத்தின் எண்ணம் வெண்கலமாக நிற்கிறது. 1967ஆம் ஆண்டு மார்ச் மாதம் திராவிட முன்னேற்றக் கழகம் ஆட்சிக்கு வந்தது. அடுத்த ஜனவரியிலேயே, அண்ணா முதலமைச்சராக இருக்க, இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு சென்னையில் கூடியது. மாநாடு தொடங்குவதற்கு முந்தைய நாளான 1968 ஜனவரி 2ஆம் தேதி, கடற்கரையில் பத்துச் சிலைகள் திறக்கப்பட்டன: திருவள்ளுவர், ஔவையார், இளங்கோவடிகள், கண்ணகி, கம்பர், வீரமாமுனிவர், கால்டுவெல், ஜி.யு. போப், பாரதியார், பாரதிதாசன். சாலையின் ஒரு பக்கம் ஆங்கிலேயர் ஆட்சி விட்டுச்சென்ற செங்கல் மாளிகைகள். அவற்றை நேருக்கு நேர் பார்த்தபடி மறுபக்கம் தமிழின் இலக்கிய வரலாறு. இந்த எதிரெதிர் அமைப்பை வண்டியில் போகும்போது உணர முடியாது. நடைபாதையில் நின்று, ஒரு சிலையின் பார்வை எங்கே போய் முட்டுகிறது என்று திரும்பிப் பார்த்தால்தான் புரியும்.

இந்தப் பத்துச் சிலைகளையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பது சரியாகாது. பாரதியாருக்கும் பாரதிதாசனுக்கும் போப்புக்கும் கால்டுவெல்லுக்கும் நிழற்படங்கள் உண்டு. சிற்பி அவற்றோடு ஒத்துப்போக வேண்டும். வள்ளுவர், ஔவை, இளங்கோ, கம்பர் ஆகியோர் எப்படி இருந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. வேணுகோபால் சர்மா வரைந்து, 1964ஆம் ஆண்டு சட்டமன்றத்தில் திறந்துவைக்கப்பட்ட ஓவியத்தின் வழியாகவே வள்ளுவரின் தாடியும் முடிந்த சிகையும் நம் எல்லார் மனத்திலும் நிலைபெற்றன. நாம் ‘பழமையான’ முகம் என்று கருதும் அந்த முகத்தின் வயது உண்மையில் நம் பெற்றோரின் வயதைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம். ஆகவே, இந்த வரிசையில் நடக்கும்போது, எந்த முகம் ஆவணத்திலிருந்து வந்தது, எந்த முகம் கற்பனையிலிருந்து வந்தது என்று பிரித்துப் பார்ப்பது பயனுள்ள பயிற்சி. கற்பனையில் பிறந்த உருவங்களில் சிற்பி தம் காலத்தின் விருப்பத்தைத்தான் வடித்திருக்கிறார்; 1968ஆம் ஆண்டின் தமிழர்கள் தங்கள் புலவர்கள் எப்படி நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று விரும்பினார்களோ, அப்படி நிற்கிறார்கள் அவர்கள்.

இந்தப் பத்துப் பேரில் மூவர் அயல்நாட்டினர் என்பதும் நின்று யோசிக்க வேண்டிய ஒன்று. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் இத்தாலியர். 1856ஆம் ஆண்டு திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் அயர்லாந்தில் பிறந்தவர். 1886ஆம் ஆண்டு திருக்குறளையும் 1900ஆம் ஆண்டு திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த போப் பிறந்தது கனடாவில். விடுதலைக்குப் பிறகு நாடெங்கும் ஆங்கிலேயர் சிலைகள் சாலைகளிலிருந்து அருங்காட்சியகங்களுக்கு நகர்ந்துகொண்டிருந்த காலத்தில், மூன்று ஐரோப்பியப் பாதிரியார்களுக்கு ஒரு மாநில அரசு புதிதாகச் சிலை எழுப்பியது. ஆட்சியின் பெயரால் வந்தவர் வேறு, மொழியின் பெயரால் நினைக்கப்படுபவர் வேறு என்று இந்த நகரம் வகுத்த கோடு அங்கே கண்கூடாகத் தெரிகிறது.

அந்தக் கோட்டுக்கு மறுபக்கம் விழுந்தவர் ஜெனரல் நீல். 1857ஆம் ஆண்டுப் பேரெழுச்சியைக் கொடூரமாக அடக்கிய இந்தப் படைத்தலைவருக்கு மவுண்ட் ரோட்டில் சிலை இருந்தது. அதை அகற்றக் கோரி 1927ஆம் ஆண்டு தொண்டர்கள் போராடிச் சிறை சென்றார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 1937ஆம் ஆண்டு இராஜாஜி தலைமையிலான ஆட்சி வந்த பிறகே சிலை எடுக்கப்பட்டு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. மன்றோ இன்றும் தம் குதிரையில் அமர்ந்திருக்கிறார், நீல் இல்லை. இருவரும் ஒரே கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்கள். மக்கள் நினைவில் அவர்கள் பெற்ற இடம் வேறு வேறு.

கண்ணகி சிலையின் கதை இன்னும் அண்மையது. பாரதி சாலை காமராசர் சாலையில் வந்து சேரும் இடத்தில், விரித்த கூந்தலோடு, சிலம்பேந்திய கையை உயர்த்தி நிற்கிறாள் கண்ணகி. பத்துச் சிலைகளில் இவள் ஒருத்தி மட்டும் காப்பிய மாந்தர். அவளைப் பாடிய இளங்கோவும் இதே சாலையில் நிற்கிறார். மற்றவர்கள் பெரும்பாலும் அமைதியாக இருக்க, இவளிடம் மட்டும் சினம் இருக்கிறது, அதனால் இந்த வரிசையிலேயே தொலைவிலிருந்து எளிதாக அடையாளம் தெரியும் உருவமும் இவளுடையதே. 2001 டிசம்பரில் லாரி மோதிப் பீடம் சேதமடைந்தது என்ற காரணம் சொல்லப்பட்டுச் சிலை அகற்றப்பட்டு, அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. சாலைப் போக்குவரத்து பற்றிய பேச்சாகத் தொடங்கியது, விரைவிலேயே தமிழ் உணர்வு பற்றிய பெரும் வாதமாக மாறியது. அறிஞர்களும் கட்சிகளும் கண்டனம் எழுப்பினர். 2006ஆம் ஆண்டு ஆட்சி மாறியதும், ஜூன் மாதத்தில் சிலை அதே இடத்துக்குத் திரும்பியது. அதே ஆண்டு, ராதாகிருஷ்ணன் சாலைச் சந்திப்பில் நடிகர் சிவாஜி கணேசனுக்கு வைக்கப்பட்ட சிலையோ, வாகன ஓட்டிகளின் பார்வையை மறைக்கிறது என்ற வழக்கில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2017 ஆகஸ்டில் எடுக்கப்பட்டு, அடையாறில் உள்ள அவருடைய மணிமண்டபத்துக்கு மாற்றப்பட்டது. ஒரு சிலைக்குச் சாலைப் பாதுகாப்பு முடிவான காரணமாகவும், இன்னொன்றுக்கு யாரும் நம்பாத காரணமாகவும் அமைந்தது. எனவே, நடையின்போது இருப்பவற்றோடு, இருந்த இடங்களையும் குறித்துக்கொள்வது நல்லது. அண்ணா சாலையில் நடப்பவர்களுக்கு 1987 டிசம்பரில் கலவரத்தில் தகர்க்கப்பட்ட கருணாநிதி சிலையின் இடமும், 2022ஆம் ஆண்டு ஓமந்தூரார் வளாகத்தில் எழுந்த அவருடைய புதிய சிலையும் அத்தகைய இரண்டு புள்ளிகள்.

ராதாகிருஷ்ணன் சாலை முனையில் உள்ள காந்தி சிலையும் ராய் சௌத்ரியின் கைவேலையே. அதுவும் 1959ஆம் ஆண்டு, நேருவால் திறந்துவைக்கப்பட்டது. ஆக, இரண்டு கிலோமீட்டர் நீளும் இந்தச் சாலையின் இரு முனைகளிலும் ஒரே சிற்பியின், ஒரே ஆண்டைச் சேர்ந்த இரு படைப்புகள் நிற்கின்றன. இரண்டையும் ஒரே மாலையில் பார்ப்பவருக்கு ஒப்பீடு தானாகவே தோன்றும். அங்கே நால்வரின் வலுவையும் ஒரு பாறை தடுத்து நிறுத்துகிறது. இங்கே ஒரு முதியவர் கைத்தடியோடு தடையே இல்லாததுபோல் எட்டுவைக்கிறார். அங்கே உடல் முழுவதும் முறுக்கு. இங்கே முன்வைத்த காலில் மட்டும் வேகம். காந்தி சிலையை நேர் முன்னால் நின்று பார்ப்பவர்களுக்கு அந்த வேகம் பிடிபடாது. பக்கவாட்டில் வந்து நின்றால்தான் உடல் முன்னோக்கிச் சாய்ந்திருப்பது தெரியும்.

இவ்வளவையும் தனியே பார்ப்பவருக்குச் சிலைகளே போதிய உதவி செய்வதில்லை என்பது வருத்தத்துக்குரியது. நம் ஊர்ப் பீடங்களில் சிலையைத் திறந்துவைத்தவர் பெயரும், தலைமை தாங்கியவர் பெயரும், நாளும் பொறிக்கப்பட்டிருக்கும். வடித்தவர் பெயர் அரிதாகவே இருக்கும். பல சிலைகளுக்குப் பின்னால், பிறந்த நாளன்று மாலை போடுவதற்கென்றே இரும்புப் படிக்கட்டு நிரந்தரமாக நிற்கிறது. அந்தப் படிக்கட்டுக்குக் கிடைத்த இடம் சிற்பியின் பெயருக்குக் கிடைக்கவில்லை. அமெரிக்காவின் ஃபிலடெல்பியா நகரம் 1959ஆம் ஆண்டே கட்டுமானச் செலவில் ஒரு சதவீதத்தைக் கலைக்கு ஒதுக்கும் விதியைக் கொண்டுவந்தது. 2010ஆம் ஆண்டு முதல் அங்குள்ள பொதுவெளிச் சிற்பங்களைத் தனியே நடந்து பார்ப்பவர்களுக்காக ஒலிப்பதிவுகளை உருவாக்கிவைத்திருக்கிறார்கள். சிலையின் அருகில் நின்று கைபேசியில் கேட்கலாம். ஒவ்வொரு சிற்பத்தைப் பற்றியும் கலைஞர், வரலாற்றாசிரியர், அந்த இடத்தோடு தொடர்புள்ளவர் என்று பலர் பேசுகிறார்கள். கடற்கரைச் சாலைக்கு இதைச் செய்ய, பல்கலைக்கழகமும் கவின்கலைக் கல்லூரியும் உள்ள இந்த ஊரில் அறிவுக்கோ ஆளுக்கோ பஞ்சம் இல்லை.

சிலைகள் ஒரு வகை என்றால், சுவர்கள் இன்னொரு வகை. தமிழ்நாட்டில் சுவர் என்பது நீண்ட காலமாகவே கட்சிகளின் களம். தேர்தலுக்கு மாதங்களுக்கு முன்பே சுண்ணாம்படித்து, ஓரத்தில் கட்சிப் பெயரை எழுதி, சுவரைப் பிடித்துவைப்பார்கள். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் மாநிலச் சட்டம் 1959ஆம் ஆண்டு முதல் இருந்தும், சுவரெழுத்தும் சுவரொட்டியும் குறையவில்லை. 2009ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சி, அண்ணா சாலை, காமராசர் சாலை முதலிய முதன்மைச் சாலைகளில் சுவரொட்டிகளைத் தடை செய்து, அரசுச் சுற்றுச்சுவர்களில் தமிழர் வாழ்வு, கோயில்கள், நாட்டுப்புறக் கலைகள், இயற்கைக் காட்சிகள் ஆகியவற்றை வரையச் செய்தது. வரைந்தவர்களில் பலர் திரைப்பட பேனர் ஓவியர்கள். ஃப்ளெக்ஸ் அச்சு வந்ததும் தொழிலை இழந்திருந்தவர்கள். நடிகர்களின் முகங்களை இரண்டாள் உயரத்துக்கு வரைந்து பழகிய அந்தக் கைகள், காளையையும் கரகாட்டத்தையும் அதே பளிச்சென்ற நிறங்களில் தீட்டின. அவற்றைக் ‘கலை’ என்று ஏற்கப் பலர் தயங்கினார்கள். என் கணிப்பில், சென்னைக்கே உரிய ஓவிய மரபு ஒன்று கடைசியாகப் பெரிய அளவில் பொதுவெளியில் தெரிந்தது அந்தச் சுவர்களில்தான்.

கலங்கரை விளக்கம் நிலையத்தில் பறக்கும் ரயிலைப் பிடித்து, மயிலாப்பூர், கோட்டூர்புரம் வழியே இந்திரா நகரில் இறங்கினால், சுவர் ஓவியத்தின் புதிய தலைமுறையைக் காணலாம். 2021ஆம் ஆண்டு தொடக்கத்தில் அந்த நிலையத்தின் வெளிச்சுவர் முழுவதும் ஏ-கில், கத்ரா என்ற பெயர்களில் இயங்கும் இரு ஓவியர்கள் மனித முகங்களை வரைந்தார்கள். எச்.ஐ.வி. பற்றிய ஒதுக்கத்தை எதிர்க்கும் நோக்கில் செய்யப்பட்ட வேலை அது. வெவ்வேறு வயதினர், வெவ்வேறு தோற்றத்தினர்; இவர்களில் தொற்று உள்ளவர் யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பதே ஓவியத்தின் வாதம். விழிப்புணர்வுச் சுவரொட்டிகளில் வழக்கமாக வரும் வாசகங்கள் எதையும் நம்பாமல், முகங்களை மட்டும் நம்பியிருப்பதில்தான் அதன் வலிமை இருக்கிறது. இதை நிலையத்தின் அடியில் நின்று பார்ப்பதைவிட, ராஜீவ் காந்தி சாலையின் எதிர்ப்புறம் சென்று பார்ப்பது நல்லது; அப்போதுதான் முகங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு கூட்டமாகத் தெரியும்.

அதே சாலையில் மேலும் தெற்கே, துரைப்பாக்கம் அருகே கண்ணகி நகர் இருக்கிறது. நகருக்குள் ஆற்றங்கரைகளிலும் கால்வாயோரங்களிலும் வாழ்ந்த குடும்பங்களை 2000ஆம் ஆண்டு முதல் கொண்டுவந்து குடியமர்த்திய, குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு அது. வேலையிடமும் பள்ளியும் தொலைவாகிப்போன மக்களின் ஊர். பெயரைக் கேட்டாலே வேலை தரத் தயங்குகிறார்கள் என்று அங்குள்ள இளைஞர்கள் சொல்லிவந்திருக்கிறார்கள். 2020ஆம் ஆண்டு ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, ஏஷியன் பெயிண்ட்ஸ் நிறுவனத்தோடும் மாநகராட்சியோடும் சேர்ந்து, அடுக்குமாடிகளின் பக்கச் சுவர்களை இந்திய, வெளிநாட்டு ஓவியர்களிடம் கொடுத்தது. முகங்களும் கோலம்போன்ற வடிவங்களும் அடர்ந்த நிறங்களும் கொண்ட அந்தச் சுவர்களைப் பார்க்க வெளியூர்களிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கண்ணகி நகர் என்றதும் குற்றச் செய்தியே நினைவுக்கு வந்த நிலையில் இது ஒரு மாற்றம்தான். ஆனாலும், சுவர் அழகானதால் தண்ணீர்க் குழாயும் பேருந்து வசதியும் கூடவே வந்துவிடுவதில்லை என்று அங்கு வாழ்பவர்கள் எழுப்பும் கேள்வியை ஓவியத்தை ரசிப்பவரும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மெரினாவில் நடப்பது போல் இங்கே நடக்க முடியாது. ஓவியம் இருப்பது ஒரு குடும்பத்தின் சமையலறைக்கு வெளிப்புறத்தில். கேமராவை உயர்த்தினால் கொடியில் காயும் துணியும் வாசலில் அமர்ந்திருக்கும் பாட்டியும் சேர்ந்தே படத்தில் விழுவார்கள். முதலில் வாசலில் இருப்பவர்களிடம் பேசி, ‘இந்தச் சுவரைப் படமெடுத்துக்கலாமாம்மா?’ என்று கேட்டுவிட்டு எடுப்பதுதான் முறை. கேட்டவருக்கு, எந்தச் சுவரை எந்த ஓவியர் வரைந்தார், வரையும்போது தெருப் பிள்ளைகள் எப்படித் தூரிகை பிடித்தார்கள் என்ற கதைகளும் கிடைக்கும். அவற்றை எந்தக் கையேடும் தருவதில்லை.

வெண்கலம் கடற்காற்றின் உப்பில் களிம்பேறிப் பச்சை பூத்தாலும் பல தலைமுறை நிற்கும், மன்றோ நிற்கிறார். சுவர் ஓவியத்துக்கு அந்த ஆயுள் இல்லை. தென்மேற்கு வெயிலும் வடகிழக்கு மழையும் சில ஆண்டுகளிலேயே நிறத்தை வெளுக்கச் செய்துவிடும், காரை பெயரும், ஒரு நாள் மராமத்துக்காரர்கள் வெள்ளையடித்துவிட்டுப் போவார்கள். 2009ஆம் ஆண்டு வரையப்பட்ட சுற்றுச்சுவர் ஓவியங்களில் பெரும்பகுதி இப்படித்தான் மறைந்தது, வரைந்த பேனர் ஓவியர்களின் பெயர்ப்பட்டியல்கூட மக்கள் கையில் இல்லை. ஆகவே, சுவர்களைப் பார்க்கச் செல்பவர்கள் எடுக்கும் படத்தோடு நாள், தெரு, தெரிந்தால் ஓவியரின் பெயர் ஆகியவற்றையும் எழுதிவைத்துக்கொள்வது நல்லது; சுவரின் மூலையில் சிறிதாக இடப்பட்டிருக்கும் கையொப்பத்தையும் தனியே ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம்.